அறுபதாம் கல்யாணத்துக்கு ஏஐயில் ஒரு பாட்டு: 23 இரவும் 3,100 ரூபாயும் போன வழி

சென்ற தை மாதம் எங்கள் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் (செட்டிநாட்டில் அப்பா, அம்மா) சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். பள்ளத்தூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டு வளவிலேயே (உள் முற்றத்திலேயே) நடத்துவது என்று முடிவானதும், விருந்துக்கு முன்னால் அவர்களைப் பற்றிச் சொந்தமாக ஒரு பாட்டு போட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதுவரை நான் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. வரிகளை ஒட்டினால் ஓரிரு நிமிடத்தில் பாடித் தரும் ஏஐ கருவிகள் வந்துவிட்டனவே என்ற தைரியம் மட்டும்தான். கடைசியில் 2 நிமிடம் 20 விநாடி ஓடும் ஒரு பாட்டுக்கு 23 இரவு போனது, 3,100 ரூபாயும் போனது. இதில் 1,900 ரூபாய் கருவியின் சந்தாவுக்கும் பிறகு வாங்கிய கூடுதல் புள்ளிகளுக்கும். 1,200 ரூபாய் காரைக்குடியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வெட்டி ஒட்டியதற்கு. பாட்டு நன்றாகவே அமைந்தது. ஆனால் வளவில் ஒலித்த பாட்டு, வரிகளைத் திருத்திய பிறகு பதினோரு முறை பட்டனை அழுத்தியதில் கிடைத்தது. அதற்கு முன்னால் அழுத்திய இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட முறைகள் அப்படியே வீண். கை தட்டிப் பாடிப் பார்க்காத வரியைக் கருவியில் போடாதே என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அத்தனையும் மிஞ்சியிருக்கும். அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் காசு போகும் வழி. இந்தக் கருவிகள் புள்ளிக் கணக்கில் ஓடுகின்றன. நான் பயன்படுத்தியதில் ஒரு முறை அழுத்தினால் 10 புள்ளி கழியும், இரண்டு பாட்டு வரும். இலவசக் கணக்குக்குத் தினமும் 50 புள்ளி, அன்றைக்குச் செலவழிக்காதது மறுநாளுக்குச் சேராது. மாதம் 10 டாலர் கட்டினால் 2,500 புள்ளி, அதாவது 250 அழுத்தல், 500 பாட்டு. பாட்டுக்கு 3 நிமிடம் என்று வைத்தால் கேட்பதற்கே 25 மணி நேரம். அதை நான் ஒன்பது நாளில் தீர்த்தேன். ஒரே வரிகளைக் கொடுத்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு மெட்டு வரும், வேறு குரல் வரும். அதனால் "அடுத்த தடவை சரியாக வந்துவிடும்" என்று கை தானாக அழுத்துகிறது. வரியில் குறை இருந்தால் ஐந்நூறு மெட்டிலும் அதே இடத்தில்தான் இடறும் என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. ஒரே இடத்தில் மூன்று முறை இடறினால் அழுத்துவதை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுங்கள். இன்னொன்று, ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்க வேண்டியதில்லை. பல்லவியின் முதல் இரண்டு வரி ஒப்பவில்லை என்றால் பதினைந்தாவது விநாடியில் அடுத்ததற்குப் போய்விடலாம். இதனாலேயே என் நேரம் பாதிக்குப் பாதி மிச்சமாகியிருக்கும்.

வரிகளையே எழுதித் தரும் ஏஐயிடம் கேட்டதுதான் நான் போன முதல் தப்பு வழி. "அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பாட்டு" என்றேன், அரை நிமிடத்தில் இருபது வரி வந்தது. நிலா, தென்றல், இதயம், வானவில், இமை காத்த கண் எல்லாம் இருந்தன. எங்கள் வீட்டு ஆள் ஒருவரும் அதில் இல்லை. எந்த ஊர் எந்தத் தம்பதிக்கும் பொருந்துகிற வரி, கேட்கிற யார் முகத்தையும் திருப்பாது. வீட்டில் புழங்கும் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வதில்தான் வேலை தொடங்க வேண்டும். முகப்பு, பட்டாலை, வளவு, கழுத்துரு, இசைகுடிமானம், வேவு, கொட்டான், மங்குச் சாமான், கந்தரப்பம், பழனிக்கு நடந்து போன வருசங்கள், அப்பச்சி தினமும் சொல்லும் ஒரு சொல், ஆத்தா திட்டும் விதம். நான் நாற்பது சொல் சேர்த்தேன், பாட்டில் வந்தது பதினான்கு. மீதி இருபத்தாறு வீண்போகவில்லை, ஒரு சொல் தாளத்தில் உட்காராதபோது மாற்றுக்கு உதவியது அந்தத் தாள்தான். எழுதித் தரும் ஏஐயை "இந்தச் சொல்லுக்கு எதுகை சொல்" என்று கேட்கப் பயன்படுத்தலாம். ஆனால் பல முறை வரிக்கடைசி ஒலி ஒத்த சொற்களைத் தந்து அதையே எதுகை என்று சொல்லும். எதுகைக்கு ஒத்துவர வேண்டியது இரண்டாம் எழுத்து, அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு நானே எழுதினேன். என் முதல் வரி இது: "அன்பும் பண்பும் நிறைந்த எங்கள் அப்பச்சியின் அறுபதாம் ஆண்டு மணிவிழா". இரண்டாம் வரி: "வாழ்க வாழ்கவே". கருவி முதல் வரியை ஓட்டமாய் ஓடிச் சொன்னது. "அறுபதாம் ஆண்டு" என்பது காதிலேயே விழவில்லை. இரண்டாம் வரியை "வாஆஆழ்க" என்று இழுத்து நிரப்பியது. குரலை மாற்றினேன், வேகத்தைக் குறைத்தேன், வாத்தியங்களை மாற்றினேன். ஏழெட்டு நாள் இதிலேயே போனது. காரணம் எளிது. மெட்டுக்கு ஒவ்வொரு வரிக்கும் ஏறக்குறைய ஒரே அளவு இடம்தான் உண்டு. முதல் வரியில் எட்டுச் சீர் (தாளத்தில் ஒன்றாக நிற்கும் சொல்), இரண்டாவதில் இரண்டு. எட்டை நாலின் இடத்தில் திணிக்கும்போது சொல் நசுங்குகிறது, இரண்டை நாலின் இடத்துக்கு இழுக்கும்போது உயிரெழுத்து ஊளையாகிறது. கருவி எந்தக் கருவியாக இருந்தாலும் இது மாறாது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது எங்கள் அப்பத்தா. போனில் ஒரு தடவை கேட்டுவிட்டு, "மூச்சு விட எடமே இல்லையே அப்பு" என்றார்கள். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு பழைய தாலாட்டு வரி ஒன்றைச் சொல்லிக் காட்டினார்கள். வரிக்கு நாலு தட்டு, ஒவ்வொரு தட்டிலும் ஒரு சொல், வரி முடிந்ததும் மூச்சுக்கு இடம். அந்தத் தட்டு எனக்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகத்தை நினைவுக்குக் கொண்டுவந்தது. மதிப்பெண்ணுக்காகப் படித்த நேர், நிரை, தேமா, புளிமாவுக்கு இப்படி ஓர் உபயோகம் இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. புதிதாக எழுதுகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: வரிக்கு நாலு சீர், ஒவ்வொரு சீரிலும் இரண்டு அசை, அதாவது இரண்டு ஓசைத் துண்டு. மூன்று அசைச் சீர் இடையில் ஒன்று வந்தால் ஓடிவிடும், ஒரே வரியில் இரண்டு வந்தால் இடறும்.

நான் பிறகு எழுதிய பல்லவியின் தொடக்கத்தைப் பாருங்கள். "வளவு நெறைய வெளக்கு வச்சோம், அளவில் லாம ஆசை வச்சோம்." முதல் வரியில் வளவு, நெறைய, வெளக்கு மூன்றும் புளிமா (வள-வு, நெறை-ய, வெளக்-கு), வச்சோம் தேமா (வச்-சோம்). இரண்டாம் வரியில் அளவில் புளிமா. லாம, ஆசை, வச்சோம் மூன்றும் தேமா. கை தட்டிச் சொல்லிப் பாருங்கள், தானாக நாலு தட்டில் நிற்கும். முதலில் நான் "அளவு இல்லாமல்" என்று பிரித்து எழுதியிருந்தேன். கருவி "அளவு" என்று சொல்லி நின்று, மூச்சு வாங்கி, "இல்லாமல்" என்றது. நாம் பேசும்போது சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதற்கு அது தெரியாது, இடைவெளி கண்ட இடத்தில் நிற்கும். அதனால் எழுத்துப் பிழை போலத் தெரிந்தாலும் தட்டு விழும் இடத்தில் சொல்லைப் பிரித்து, தட்டு விழாத இடத்தில் சேர்த்து எழுத வேண்டும். அச்சடிக்க ஒரு பிரதி, கருவிக்கு ஒரு பிரதி என்று இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. நான் ஒன்றிலேயே மாற்றி மாற்றி எழுதி, கடைசியில் அச்சுக்குப் போன தாளில் "லாம" தனியாக நின்றது.

அந்த இரண்டு வரியில் வளவு, அளவு இரண்டுக்கும் இரண்டாம் எழுத்து ஒன்று. அது எதுகை. இரண்டும் "வச்சோம்" என்று முடிகின்றன. அது இயைபு. புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இயைபை மட்டும் பிடித்துக்கொண்டு வரிக்கடைசியை ஒப்பேற்றப் பார்க்கிறோம். தமிழ்க் காதுக்கு வரியின் தலைப்பில் வரும் எதுகைதான் பிடிமானம். இதில் நடைமுறை லாபமும் உண்டு. எதுகை உள்ள இரண்டு வரியை கருவி பெரும்பாலும் ஒரே மாதிரி எடுப்பில் தொடங்குகிறது, அதனால் மெட்டு மனதில் நிற்கிறது. எதுகையில் ஒரு விதியை மறக்கக் கூடாது. முதலெழுத்து ஒரு வரியில் குறில் என்றால் அடுத்ததிலும் குறிலாக இருக்க வேண்டும், நெடில் என்றால் நெடில். "வளவு" என்பதற்கு "தாளம்" ஒத்துவராது. இரண்டாம் எழுத்து ளகரம் வந்தாலும் ஓசை தட்டும். சரணத்தில் ஐயா (தாத்தா) பர்மாவுக்குப் போனதை "கொண்டு விக்கக் கடலத் தாண்டி, கண்ட காசில் கட்டுன வீடு" என்று எழுதினேன். கொண்டு, கண்ட என்ற இரண்டும் குறிலில் தொடங்கி ஒரே ணகர ஒற்றில் விழுவதால் நிற்கிறது.

வரியை எந்த எழுத்தில் முடிப்பது என்பதை எங்கும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, ஆனால் என் புள்ளிகளில் பெரும்பகுதி அதில்தான் கரைந்தது. மெட்டு வரிக்கடைசியில் நீளும். அங்கே ஆ, ஏ, ஓ போன்ற நெடிலோ, ம், ன் போன்ற மெல்லின ஒற்றோ இருந்தால் குரல் அழகாக நிற்கும். கு, சு, டு, து, பு, று என்று முடிந்தால் அது பெரும்பாலும் குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கும் உகரம், அரை மாத்திரைதான். நாம் வாய்க்குள்ளேயே முடித்துவிடுவோம். கருவியோ அதை நீட்டிப் பாடுகிறது. "வச்சது" என்று முடித்தால் "வச்சதூஊ" என்று வரும், கேட்கச் சகிக்காது. "வச்சோம்" என்று மாற்றியதும் அதே மெட்டு இதமாக விழுந்தது. "வீடு" என்று முடிந்த என் சரண வரியிலும் இதே கோளாறு. "வீடய்யா" என்று மாற்றி அதைத் தீர்த்தேன், ஐயாவைக் கூப்பிட்டது போலவும் ஆயிற்று.

உச்சரிப்பு தனிப் பாடம். முதல் வாரம் முழுக்க நான் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கொடுத்தேன், அதுதான் கருவிக்குப் புரியும் என்று நினைத்து. குறில் நெடில் குழம்பியது, ழகரம் "விஷா" போலக் கேட்டது, பாடியவருக்கு இந்தி வாடை அடித்தது. தமிழ் எழுத்திலேயே கொடுங்கள். அப்போதும் ழ நம்பத்தக்கதல்ல. "மணிவிழா" பத்தில் ஆறு தடவை "மணிவிலா" ஆனது, அறுபதாம் கல்யாணப் பாட்டில் விலா எலும்பு வந்து நிற்கிறது. ழகரச் சொல்லை நீளும் இடத்தில் வைக்காமல் வேகமாகக் கடக்கும் இடத்தில் வைத்தால் குறை தெரியாது. முக்கியமான இடமென்றால் சொல்லையே மாற்றிவிடுவது மேல். நான் மணிவிழாவை எடுத்துவிட்டுக் கல்யாணம் என்றே வைத்தேன். அடுத்தது வல்லினம். க, ச, ட, த, ப ஐந்துக்கும் இடத்துக்கு இடம் ஒலி மாறுவதால் கருவி ஊகம் செய்கிறது. "கடல தாண்டி" என்று எழுதினால் தகரம் மெலிந்து போகும், "கடலத் தாண்டி" என்று ஒற்றைப் போட்டால் பெரும்பாலும் திடமாக வரும். ஒற்று மிகும் இடங்களை இவ்வளவு கவனமாக நான் பரீட்சையில்கூடப் பார்த்ததில்லை. "கணேசன்" மாதிரி மெல்லிய ககரத்தில் தொடங்கும் பெயர்கள் தப்பாக வந்தால் அந்தப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் போட்டுப் பார்க்கலாம். பெயர் சரியாகும், ஆனால் பக்கத்துச் சொற்கள் சில சமயம் தடுமாறும். எனக்கு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் பலித்தது. பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். "வெளக்கு" என்று ஒரு வரி, "இல்லாமல்" என்று அடுத்த வரி என்றால் பாடுவது இரண்டு ஆட்கள் போல இருக்கும்.

எண்களை எழுத்தால் எழுதுங்கள். "60" என்று போட்டால் "சிக்ஸ்டி" என்று பாடும். நம் பக்கத்து விலாசங்களிலும் (குடும்பத்தைக் குறிக்கும் முதலெழுத்துகள்) பெரிய சிக்கல் உண்டு. "அரு.லெ. வீடு" என்று எழுதினால் புள்ளிக்குப் புள்ளி நின்று என்னவோ சொல்கிறது. ஊரில் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே "ஆனா ரூனா லேனா வீடு" என்று எழுதினேன், முதல் தடவையிலேயே அச்சாகப் பாடியது. அந்த "னா"க்கள் மூன்றும் தாளத்துக்குக் கிடைத்த வரம். உங்கள் வீட்டு விலாசத்தையும் சொல்லிப் பாருங்கள், அநேகமாக ஒரு வரி அதிலேயே கிடைக்கும்.

அமைப்புக்கு வருவோம். கருவிக்குப் பல்லவி, சரணம் தெரியாது. ஆங்கில எழுத்தில், சதுர அடைப்புக்குறிக்குள், கோரஸ், வெர்ஸ், இன்ஸ்ட்ருமென்டல், அவுட்ரோ என்று பகுதிக்கு மேலே தனி வரியாக எழுத வேண்டும். பல்லவிக்குக் கோரஸ், சரணத்துக்கு வெர்ஸ், இடையிசைக்கு இன்ஸ்ட்ருமென்டல். நான் "பல்லவி" என்று தமிழில் தலைப்புப் போட்டேன். "பல்லவி" என்றே பாடிவிட்டு வரிக்குப் போனது. "பல்லவி மீண்டும்" என்று எழுதியதையும் இனிமையாகப் பாடியது. பல்லவி எத்தனை தடவை வரவேண்டுமோ அத்தனை தடவையும் முழுதாக எழுதுங்கள். அடையாளம் எதுவும் போடாமல் விட்டால் முதலில் வருவதைச் சரணம் போல அடக்கமாகப் பாடி, நடுவில் எதையோ உச்சத்துக்குக் கொண்டுபோகும். மேல்நாட்டுப் பாட்டில் வெர்ஸ் முதலில் வருவது வழக்கம், நம் பாட்டுக்குப் பல்லவி முதலில். ஆகவே முதல் வரியிலேயே கோரஸ் என்று குறித்துவிடுங்கள்.

இசை விவரம் எழுதும் பெட்டியில் "இந்தியன்" என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. தபேலா, சிதார் சேர்ந்து வடநாட்டுச் சாயல் வந்துவிடுகிறது. நாதஸ்வரம், தவில் என்று கேட்டேன். கிடைத்தது பாதி ஷெனாய், பாதி டோலக். கிடைக்காததைக் கேட்டுப் புள்ளியைக் கரைப்பதைவிட, கிடைப்பதைச் சொல்லலாம்: தமிழ் நாட்டுப்புறம், பெண் குரல், கைத்தட்டல், மிதமான வேகம், குறைந்த வாத்தியம். ஐந்தாறு சொல் போதும். இருபது சொல் எழுதினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். "மெல்லிய", "ஆரவாரமான" இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு எது வரும் என்று காத்திருந்தவன் நான். உயிரோடிருக்கும் பாடகர் பெயரைப் போடாதீர்கள். கருவிகள் அதைத் தடுக்கவும் செய்கின்றன, தடுக்காவிட்டாலும் ஒருவர் குரலைக் கேட்காமல் எடுப்பது சரியில்லை. பாடத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அரை நிமிடம் வாய்க்குள் முனகச் சொல்லிப் போனில் பதிவு செய்து ஏற்றினால் அந்த ஓசையைத் தொட்டுக்கொண்டு மெட்டுப் போடும் வசதி உண்டு. அப்பத்தாவின் தட்டையும் முனகலையும் அப்படித்தான் ஏற்றினேன். அந்தப் பதினோரு அழுத்தலும் அதன் மேல்தான் நடந்தன.

நீளத்தை எழுதும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம். நிமிடத்துக்கு 96 பீட் என்ற வேகத்தில், ஒரு சீருக்கு, அதாவது அப்பத்தாவின் ஒரு தட்டுக்கு, இரண்டு பீட் என்றால் நாலு சீர் வரி 5 விநாடி. இருபது வரிக்கு 100 விநாடி, தொடக்க இசை, இடையிசை, முடிவு சேர்த்து 40 விநாடி, ஆக 2 நிமிடம் 20 விநாடி. பந்தலில் உறவுக்காரர்கள் பாட்டைக் கேட்டு நிற்பது அவ்வளவு நேரம்தான். நான் முதலில் 52 வரி எழுதினேன். கடைசி வரிகளுக்குள் குரலே மாறிப்போயிற்று, ஒரு தடவை பாட்டு பாதியில் அறுந்தும் போனது. நாலு வரிப் பல்லவி மூன்று தடவை, நாலு வரிச் சரணம் இரண்டு, இதுவே இருபது வரி ஆகிவிடும். முதல் பாட்டுக்கு இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

நல்ல மெட்டு கிடைத்து ஒரே ஒரு சொல் மட்டும் தப்பாக வந்தால் முழுப் பாட்டையும் மறுபடி அழுத்தாதீர்கள், அந்த மெட்டு திரும்ப வராது. குறிப்பிட்ட பகுதியை மட்டும் மாற்றிப் பாடவைக்கும் வசதி கட்டணக் கணக்குகளில் இருக்கிறது. தப்பான சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்தால் ஒட்டுப்போட்டது தெரியும், அதற்கு முந்தைய மூச்சு இடைவெளியில் தொடங்கி அடுத்த இடைவெளி வரை எடுத்தால் தெரியாது. இது தெரியாததால்தான் 1,200 ரூபாய் கொடுத்து இரண்டு பாட்டில் இருந்து வெட்டி ஒன்றாக்கினேன். இரண்டின் வேகமும் சிறிது வேறுபட்டதால் ஒட்டிய இடத்தில் தாளம் சறுக்கியது, அந்தப் பிரதியைப் பயன்படுத்தவே இல்லை.

உரிமை விஷயத்தில் எனக்கு நடந்தது இது. விழாவை வீடியோ எடுத்தவர் பாட்டைச் சேர்த்துத் தன் யூடியூப் சேனலில் போடக் கேட்டார், அது வருமானம் வரும் சேனல். எனக்குப் பிடித்த பிரதி இலவசக் கணக்கில் செய்தது. இலவசத்தில் செய்த பாட்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை, பிறகு சந்தா கட்டினாலும் அந்தப் பழைய பாட்டுக்கு உரிமை வராது என்று விதியில் இருந்தது. வீட்டு விழாவில் போட மட்டும் என்றால் இலவசக் கணக்கே போதும். பதினோரு அழுத்தலுக்கு 110 புள்ளி, மூன்று நாள் இலவசப் புள்ளியில் என் வேலை முடிந்திருக்கும். வெளியே போடும் எண்ணம் இருந்தால் வரிகளை இலவசத்தில் தேற்றிவிட்டு, ஒரு மாதம் மட்டும் சந்தா கட்டிக் கடைசிப் பிரதியை எடுங்கள். நீங்கள் எழுதிய வரிகள் உங்களுடையவை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பாடல் வரி இலக்கியப் படைப்பு, இசை தனிப் படைப்பு. மெட்டின் கதை அவ்வளவு தெளிவாக இல்லை. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில், கட்டளை எழுதியதால் மட்டும் ஏஐ உருவாக்கியதற்குப் பதிப்புரிமை கிடைக்காது, மனிதர் ஆக்கிய பகுதிக்கு உண்டு என்று சொல்லியிருக்கிறது. சூனோ, யூடியோ என்ற இரண்டு ஏஐ பாட்டுக் கருவிகளின் மீதும் பெரிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தன. 2025 அக்டோபரில் அந்த நிறுவனங்களில் ஒன்றான யூனிவர்சலுடன் சமரசம் ஆனதும் யூடியோ பாட்டுகளை இறக்கிக்கொள்ளும் வசதியையே நிறுத்தியது, பழையதை எடுத்துக்கொள்ளப் பிறகு இரண்டு நாள் மட்டும் திறந்துவிட்டது. பிடித்த பாட்டை அன்றைக்கே கணினியில் இறக்கி வையுங்கள். கையால் எழுதித் திருத்திய தாள்களையும் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பாட்டு ஒலிக்கும் இடம். ஹெட்போனில் கேட்டு ஒரு பிரதியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். முதல் நாள் மாலை சவுண்ட் சர்வீஸ்காரர் பெட்டியில் போட்டதும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. நம் வளவுகள் அப்படி. நடுவில் வானவெளி, சுற்றிலும் மெருகேற்றிய சுவர், கல் தூண், வழுவழுத்த தரை. ஒலி பட்டுப் பட்டுத் திரும்புகிறது. ஏற்கெனவே எதிரொலி சேர்த்துப் பாடிய குரல் அங்கே கரைந்துவிடும். நல்லவேளையாக, வாத்தியம் குறைந்த, குரல் முன்னால் நிற்கும் இன்னொரு பிரதி கையில் இருந்தது. ஹெட்போனில் அது வெறுமையாகத் தோன்றியதால் ஒதுக்கி வைத்திருந்தேன். அதைப் போட்டு, பெரிய பெட்டி இரண்டுக்குப் பதில் நாலு சிறிய பெட்டியைப் பட்டாலைத் திண்ணைப் பக்கம் ஆட்களை நோக்கி வைத்து, கனத்த ஒலியைக் குறைக்கச் சொன்னதும் "வளவு நெறைய" என்பது வளவின் நாலு மூலையிலும் தெளிவாகக் கேட்டது. பல்லவியை ஒரு தாளில் அச்சடித்துச் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் கொடுத்திருந்தோம். இரண்டாம் தடவை பல்லவி வந்தபோது முதலில் அப்பத்தா தட்டத் தொடங்கினார்கள், மூன்றாம் தடவைக்கு அண்ணமிண்டிமார் (அண்ணிமார்), ஆச்சிமார் எல்லாரும் தட்டினார்கள், ஒருவர் தட்டும் தவறவில்லை.